தொடக்க ஏற்றிப் பழுதுநீக்கம்

தொடக்க ஏற்றிப் பழுதுநீக்கம் என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் நிறுவப்பட்ட கணினியில் அவற்றுள் ஒன்றோ அனைத்துமோ தொடங்காமற் போகும்போது, தொடக்க ஏற்றி (பூட் லோடர்) என்னும் மென்பொருளிலும் அது சார்ந்த தரவுகளிலும் ஏற்பட்ட குறையைக் கண்டறிந்து சீர்செய்வதாகும். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டையும் வைத்திருப்போர் இச்சிக்கலை அடிக்கடி எதிர்கொள்கின்றனர்.

தொடக்க ஏற்றி பழுதடைந்த கணினியில் கறுப்புத் திரையும் ஒருவரிப் பிழைச்செய்தியும் மட்டுமே தோன்றும். இதனைக் காணும் பயனர், வன்தட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும்பாலான நேரங்களில் கோப்புகள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சென்றடையும் வழி மட்டுமே அறுபட்டிருக்கிறது. தொடக்க ஏற்றியின் பழுதால் கோப்புகளை இழந்தவர்களைவிட, அவசரப்பட்டு வன்தட்டை வடிவமைத்து (பார்மட் செய்து) இயங்குதளத்தை மீள நிறுவியதால் இழந்தவர்களே மிகுதி எனலாம். ஆகவே தொடக்கச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்துள்ளது என்பதை முதலில் அறிந்து, அதை மட்டும் சரிசெய்வதே இப்பழுதுநீக்கத்தின் அடிப்படை நெறியாகும்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துக்களிலேயே உள்ளிடவேண்டும்.

கணினி தொடங்கும் முறை

மின்சாரம் பெற்றவுடன் கணினியில் முதலில் இயங்குவது தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள் ஆகும். இது இருவகைப்படும். பழைய கணினிகளில் உள்ளது பயாஸ். 2010ஆம் ஆண்டுக்குப் பின் பரவலானது யூஇஎஃப்ஐ. இவ்விரண்டும் தொடக்க ஏற்றியைத் தேடும் முறை வேறுபட்டது. பழுதைச் சீர்செய்யும் முறையும் அதனால் வேறுபடுகிறது.

பயாஸ் முறை

பயாஸ், வன்தட்டின் முதற்துண்டமாகிய 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி இயக்குகிறது. இத்துண்டம் முதன்மைத் தொடக்கப் பதிவு (எம்பிஆர்) எனப்படும். இதில் முதல் 446 பைட்டுகள் நிரலுக்கும், அடுத்த 64 பைட்டுகள் வட்டுப் பிரிவு அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. அட்டவணையில் ஒரு பிரிவுக்கு 16 பைட்டுகள் வீதம் நான்கு பிரிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு.

446 பைட்டுகளில் முழுமையான தொடக்க ஏற்றி ஒன்றை எழுத இயலாது. எனவே ஏற்றிகள் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. விண்டோஸ் எழுதும் நிரல், செயற்பாட்டில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட வட்டுப் பிரிவைக் கண்டறிந்து, அப்பிரிவின் முதற்துண்டத்திடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. லினக்ஸில் பயன்படும் கிரப், தனது இரண்டாம் கட்டத்தை முதற்துண்டத்துக்கும் முதல் வட்டுப் பிரிவுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் வைக்கிறது. பழைய வன்தட்டுகளில் முதற்பிரிவு 63ஆம் துண்டத்தில் தொடங்கியதால் இவ்வெற்றிடம் 62 துண்டங்கள், அதாவது 31,744 பைட்டுகள் மட்டுமே. இப்போதைய கருவிகள் முதற்பிரிவை ஒரு மெகாபைட்டு தள்ளியே தொடங்குகின்றன. கிரப்பின் மற்றக் கூறுகளும் பட்டியலும் லினக்ஸ் பிரிவில் ‘பூட்’ அடைவுக்குள் இருக்கும்.

யூஇஎஃப்ஐ முறை

யூஇஎஃப்ஐ நிலைபொருளால் கோப்பு முறைமையைப் படிக்க இயலும். ஆகவே இம்முறையில் தொடக்க ஏற்றி ஒரு சாதாரணக் கோப்பாகவே இருக்கிறது. இக்கோப்புகள் இஎஃப்ஐ முறைமைப் பிரிவு எனப்படும் சிறிய வட்டுப் பிரிவில், ஃபாட் கோப்பு முறைமையில் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் அப்பிரிவில் தனி அடைவு உண்டு. எந்தக் கோப்பை எந்த வரிசையில் தொடங்கவேண்டும் என்பது தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் பதிவாகியிருக்கும்.

ஒரு கணினியின் பல ஏற்றிகள் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே இருக்க இம்முறை இடமளிக்கிறது. எனினும் வரிசை மாறினாலோ, பதிவு நீங்கினாலோ, ஏற்றி இருந்தும் அது அழைக்கப்படாது.

வரலாறு

லினக்ஸுக்கான தொடக்க கால ஏற்றிகளுள் முதன்மையானது லிலோ ஆகும். இதனை 1992இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதத் தொடங்கினார். லிலோ கோப்பு முறைமையை அறியாது. லினக்ஸ் கருனி வட்டில் எந்தெந்தத் துண்டங்களில் உள்ளது என்ற முகவரிப் பட்டியலை மட்டுமே வைத்திருக்கும். கருனியை மாற்றிய பின் லிலோ கட்டளையை மீண்டும் இயக்க மறந்தால் கணினி தொடங்காது. இதன் உருவாக்கம் 2015இன் இறுதியில் நிறுத்தப்பட்டது.

கிரப், 1995இல் எரிக் போலின் என்பவரால் குனு ஹர்ட் இயங்குதளத்தைத் தொடங்குவதற்காக உருவாக்கப்பட்டது. 1999இல் குனு திட்டத்தின் அதிகாரப்பூர்வ மென்பொருளாயிற்று. லிலோவைப் போலன்றி இது கோப்பு முறைமைகளைத் தானே படிக்கும். ஆதலால் கருனி மாறினாலும் கோப்பின் பெயரைக் கொண்டு அதைக் கண்டடையும். முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2, உபுண்டு 9.10 பதிப்பில் (2009) இயல்பிருப்பாக இடம்பெற்றது. அதன் 2.00 பதிப்பு 2012இல் வெளியானது. பழைய கிரப் இப்போது கிரப் மரபுப் பதிப்பு எனப்படுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி வரையிலான என்டி வகை இயங்குதளங்கள் என்டிஎல்டிஆர் என்னும் ஏற்றியையும் ‘பூட்.ஐஎன்ஐ’ என்னும் உரைக்கோப்பையும் பயன்படுத்தின. விண்டோஸ் விஸ்டாவுடன் அவற்றின் இடத்தைப் பூட்எம்ஜிஆர் ஏற்றியும் பிசிடி என்னும் தொடக்க அமைவுத் தரவுத்தொகுதியும் பெற்றன.

சிக்கல்கள் எழும் காரணங்கள்

1. லினக்ஸுக்குப் பின் விண்டோஸை நிறுவுதல். பயாஸ் கணினிகளில் விண்டோஸ் நிறுவி, முதன்மைத் தொடக்கப் பதிவில் தனது நிரலை எழுதிவிடும். அங்கிருந்த கிரப் நீங்கும். லினக்ஸ் பிரிவு தீண்டப்படாமல் இருந்தும் அதைத் தொடங்க வழியிராது. விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவவேண்டும் என்னும் அறிவுரை இதனால் எழுந்தது.

2. லினக்ஸ் பிரிவை அழித்தல். லினக்ஸ் வேண்டாம் எனக் கருதும் பயனர், விண்டோஸில் இருந்தவாறே லினக்ஸ் பிரிவை நீக்கிவிடுகிறார். ஆனால் கிரப்பின் முற்பகுதி அதற்கு வெளியே எஞ்சியிருக்கிறது. அடுத்த முறை அது தன் பிற்பகுதியைத் தேடிக் காணாமல் நின்றுவிடுகிறது. இதனால் விண்டோஸையும் தொடங்க இயலாமற் போகிறது.

3. வட்டுப் பிரிவுகளின் எண்ணோ அளவோ மாறுதல். ஒரு பிரிவை நீக்குவதாலும் சேர்ப்பதாலும் மற்றப் பிரிவுகளின் வரிசை எண் மாறக்கூடும். பழைய எண்ணைக் கொண்டு தேடும் ஏற்றி தவறான இடத்தை அடையும்.

4. இற்றைப்படுத்தல்கள். விண்டோஸின் பெரிய இற்றைப்படுத்தல்களும் நிலைபொருளின் இற்றைப்படுத்தலும் யூஇஎஃப்ஐ தொடக்க வரிசையை மாற்றிவிடக்கூடும்.

5. வெற்றிடத்தில் பிற மென்பொருள் எழுதுதல். உரிமத்தைச் சரிபார்க்கும் சில விண்டோஸ் மென்பொருள்கள், முதற்துண்டத்தை அடுத்துள்ள வெற்றிடத்தில் தம் தரவை எழுதி, அங்குள்ள கிரப்பைச் சிதைத்தன. இதனை ஓரளவு தாங்கும்பொருட்டு கிரப் 2இல் பிழை திருத்தும் குறியீட்டு முறை சேர்க்கப்பட்டது.

6. முறைகள் கலத்தல். ஓர் இயங்குதளம் பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டால், ஒன்றின் பட்டியலில் இருந்து மற்றொன்றைத் தொடங்க இயலாது.

அறிகுறிகளும் அவற்றின் பொருளும்

திரையில் தோன்றும் செய்தி, சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதைக் காட்டும். அதனை முழுமையாகக் குறித்துக்கொள்ளுதல் பழுதுநீக்கத்தின் முதற்படியாகும்.

லிலோவின் எழுத்துக்கள்

லிலோ தன் பெயரின் நான்கு எழுத்துக்களையும் ஒவ்வொரு கட்டம் முடிந்தபின் ஒவ்வொன்றாகத் திரையிடும். எந்த எழுத்தோடு நின்றது என்பதே பிழைச்செய்தி.

• எழுத்து எதுவும் இல்லை: லிலோவின் எப்பகுதியும் ஏற்றப்படவில்லை.
• ‘எல்’ மட்டும்: முதற்கட்டம் இயங்கியது, இரண்டாம் கட்டத்தை ஏற்ற இயலவில்லை.
• ‘எல்ஐ’: இரண்டாம் கட்டம் ஏற்றப்பட்டது, ஆனால் இயங்கவில்லை. கோப்பு இடம் மாறியபின் லிலோவை மீண்டும் இயக்காமை இதற்குக் காரணமாகலாம்.
• ‘எல்ஐஎல்’: இரண்டாம் கட்டம் இயங்கியது, முகவரிப் பட்டியலைப் படிக்க இயலவில்லை.
• நான்கு எழுத்துக்களும்: லிலோ முழுமையாக ஏற்றப்பட்டது. குறை இதற்கு அப்பால் உள்ளது.

கிரப் மரபுப் பதிப்பின் பிழை எண்கள்

• 15: கோப்பு காணப்படவில்லை.
• 17: குறிப்பிட்ட வட்டுப் பிரிவு உள்ளது, ஆனால் அதன் கோப்பு முறைமையை அறிய இயலவில்லை.
• 18: தேவையான கோப்பு, பயாஸ் எட்டக்கூடிய எல்லைக்கு அப்பால் உள்ளது.
• 21: குறிப்பிட்ட வட்டு இல்லை.
• 22: குறிப்பிட்ட வட்டுப் பிரிவு இல்லை.

கிரப் 2இன் இரு தூண்டிகள்

கிரப் 2 பழுதடையும்போது இரண்டு வகையான கட்டளைத் தூண்டிகளுள் ஒன்று தோன்றும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது.

‘கிரப்’ என்ற சொல் மட்டும் தோன்றினால், ஏற்றி முழுமையாக இயங்குகிறது; ஆனால் பட்டியலைக் கொண்ட அமைவுக் கோப்பு கிடைக்கவில்லை. ‘கிரப் ரெஸ்கியூ’ எனத் தோன்றினால், ஏற்றியின் முற்பகுதி மட்டுமே இயங்குகிறது. மற்றக் கூறுகள் உள்ள அடைவை அதனால் அடைய இயலவில்லை. பின்னதில் மிகச் சில கட்டளைகளே கிடைக்கும்.

விண்டோஸின் செய்திகள்

என்டிஎல்டிஆர் அல்லது பூட்எம்ஜிஆர் இல்லை என்னும் செய்தி, முதற்துண்டமும் பிரிவின் தொடக்கத் துண்டமும் இயங்கிவிட்டன என்பதையும், ஏற்றிக் கோப்பு கிடைக்கவில்லை அல்லது தவறான பிரிவு செயற்பாட்டில் உள்ளதாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் உணர்த்தும். இயங்குதளமே இல்லை என்னும் செய்தி, அதற்கும் முந்தைய கட்டத்தில் குறை உள்ளதைக் காட்டும்.

ஏற்றிக்கு அப்பாற்பட்ட குறைகள்

பட்டியல் தோன்றி, இயங்குதளத்தைத் தெரிவு செய்த பின்னர் நின்றால் தொடக்க ஏற்றி தன் பணியை முடித்துவிட்டது எனக் கொள்ளலாம். லினக்ஸ் கருனி, மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை எனக் கூறி நிற்பது இவ்வகையினது. ‘பூட்’ பிரிவு நிறைந்துவிட்டதால் புதிய கருனிக்குரிய தொடக்க நினைவகக் கோப்பு (இனிட்ராம்எஃப்எஸ்) உருவாகாமற் போவது இதற்கு ஒரு காரணம். அவ்வேளையில் பட்டியலில் இருந்து பழைய கருனியைத் தெரிவு செய்தால் கணினி தொடங்கும். அதன்பின் வேண்டாத பழைய கருனிகளை நீக்கி இடமுண்டாக்கலாம்.

வன்தட்டின் இணைப்பு முறையை நிலைபொருள் அமைப்பில் ரெய்டு முறையிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றியபின், 7பி என முடியும் பிழை எண்ணுடன் விண்டோஸ் நீலத்திரையில் நிற்பதும் ஏற்றியின் குறையன்று. லினக்ஸ் நிறுவி வன்தட்டைக் காணாதபோது பயனர்கள் இம்மாற்றத்தைச் செய்கின்றனர். அமைப்பை முன்பிருந்தவாறே மாற்றினால் விண்டோஸ் மீண்டும் தொடங்கும்.

பழுதுநீக்கும் முன்

• வேறொரு கணினியைக் கொண்டு, லினக்ஸ் நிகழ்வட்டு ஒன்றையோ அதற்கு இணையான யூஎஸ்பி நினைவகத்தையோ உருவாக்கிக்கொள்ளவேண்டும். அதிலிருந்து தொடங்கினால் வன்தட்டில் எதையும் எழுதாமலே கோப்புகளைக் காணலாம்.
• முக்கியமான கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் நகலெடுக்கவேண்டும். இதற்கு முன் எந்தப் பழுதுநீக்கும் கட்டளையையும் இயக்கக்கூடாது.
• கணினி பயாஸ் முறையில் தொடங்குகிறதா யூஇஎஃப்ஐ முறையிலா என அறியவேண்டும். நிகழ்வட்டில் தொடங்கிய லினக்ஸில் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ’ என்னும் அடைவு இருந்தால் அது யூஇஎஃப்ஐ முறையாகும். நிகழ்வட்டும் நிறுவப்பட்ட இயங்குதளமும் ஒரே முறையில் தொடங்கவேண்டும்.
• விண்டோஸ் பிரிவு பிட்லாக்கர் மூலம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புத் திறவியைக் கையில் வைத்திருக்கவேண்டும். தொடக்க வரிசையோ பாதுகாப்பான தொடக்க அமைப்போ மாறினால் விண்டோஸ் இத்திறவியைக் கேட்கக்கூடும். திறவி இல்லையேல் கோப்புகளை மீட்க வழியில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் (2024) புதிதாக நிறுவும் பல கணினிகளில் மறையாக்கம் தானாகவே செயற்படுவதால், தம் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதை அறியாத பயனர்களும் உளர்.

கிரப் மீட்புத் தூண்டியில் இருந்து தொடங்குதல்

லினக்ஸ் பிரிவு அழியாமல் அதன் எண் மட்டும் மாறியிருந்தால், நிகழ்வட்டு இன்றியே கணினியைத் தொடங்கலாம். கிரப், வட்டுகளைச் சுழியத்தில் இருந்து எண்ணுகிறது. வட்டுப் பிரிவுகளை மரபுப் பதிப்பு சுழியத்தில் இருந்தும், கிரப் 2 ஒன்றில் இருந்தும் எண்ணுகின்றன. பழைய குறிப்புகளைப் பின்பற்றுவோர் இவ்வேறுபாட்டால் முந்தைய பிரிவைக் குறிப்பிட்டுவிடுவதுண்டு.

1. ‘எல்எஸ்’ என்னும் கட்டளை, கிரப்புக்குத் தெரியும் வட்டுகளையும் பிரிவுகளையும் பட்டியலிடும். ‘(எச்டி0,எம்எஸ்டாஸ்5)’ என்பது முதல் வட்டின் ஐந்தாம் பிரிவைக் குறிக்கும். பழைய அட்டவணை முறையில் ஏரணப் பிரிவுகளின் (லாஜிக்கல் பிரிவுகளின்) எண்கள் ஐந்தில் தொடங்குகின்றன.
2. ஒவ்வொரு பிரிவின் பெயரையும் ஒரு சாய்கோட்டுடன் சேர்த்து ‘எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/’ என்றவாறு இடவேண்டும். கோப்பு முறைமை அறியப்படவில்லை எனின் அடுத்த பிரிவைப் பார்க்கவேண்டும். ‘பூட்’ அடைவு தென்படும் பிரிவே தேடப்படுவது.
3. ‘செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)’ என்றும், ‘செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்’ என்றும் இட்டு, கிரப்பின் கூறுகள் உள்ள இடத்தை அறிவிக்கவேண்டும். ‘பூட்’ தனிப்பிரிவாக இருந்தால் பாதையில் அச்சொல் வராது.
4. ‘இன்ஸ்மாட் நார்மல்’, ‘நார்மல்’ ஆகிய கட்டளைகளை அடுத்தடுத்து இட்டால் வழக்கமான பட்டியல் தோன்றும்.

இது அத்தொடக்கத்துக்கு மட்டுமே பயன்படும். லினக்ஸ் தொடங்கியபின் கிரப்பை மீள நிறுவினால்தான் பழுது நிலையாக நீங்கும்.

நிகழ்வட்டின் மூலம் கிரப்பை மீள நிறுவுதல்

விண்டோஸ் நிறுவியால் கிரப் நீங்கியிருந்தால் இம்முறை பயன்படும். நிகழ்வட்டில் இருந்து தொடங்கி, முனையத்தில் நிருவாகி உரிமையுடன் பின்வருவனவற்றைச் செய்யவேண்டும்.

1. லினக்ஸ் நிறுவப்பட்ட பிரிவைக் கண்டறிந்து, அதனை ‘/எம்என்டி’ என்னும் அடைவில் ஏற்றவேண்டும். ‘பூட்’ தனிப்பிரிவானால் அதனையும், யூஇஎஃப்ஐ கணினியில் இஎஃப்ஐ முறைமைப் பிரிவையும் உரிய உள்ளடைவுகளில் ஏற்றவேண்டும்.
2. ‘/டெவ்’, ‘/புரோக்’, ‘/சிஸ்’ ஆகிய மூன்றையும் பிணைப்பு முறையில் அதனுள் ஏற்றவேண்டும்.
3. ‘சேஞ்ச்ரூட்’ எனப்பொருள்படும் ‘சிஎச்ரூட்’ கட்டளையால் அவ்வடைவுக்குள் நுழையவேண்டும். இதன்பின் இடும் கட்டளைகள், வன்தட்டில் உள்ள லினக்ஸுக்குள் இருந்து இட்டவை போலச் செயற்படும்.
4. ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையை இடவேண்டும். பயாஸ் கணினியில் வட்டின் பெயரையும் உடன் தரவேண்டும். ‘எஸ்டிஏ’ என்பது முழு வட்டையும், ‘எஸ்டிஏ1’ என்பது அதன் முதற்பிரிவையும் குறிக்கும். இங்கு தரவேண்டியது முழு வட்டின் பெயரே. பிரிவின் பெயரைத் தருவது விண்டோஸ் பிரிவின் தொடக்கத் துண்டத்தைச் சிதைக்கக்கூடும்.
5. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையாலும், பிற வழங்கல்களில் ‘கிரப்-எம்கேகான்ஃபிக்’ கட்டளையாலும் பட்டியலை மீள உருவாக்கவேண்டும்.

ஃபெடோராவில் இக்கட்டளைகள் ‘கிரப்2’ என்னும் முன்னொட்டைக் கொண்டவை. யூஇஎஃப்ஐ கணினிகளில் ஃபெடோராவை மீட்க, நிறுவும் கட்டளைக்குப் பதிலாக கிரப், ஷிம் ஆகிய மென்பொருட்பொதிகளை மீள நிறுவுமாறு அதன் ஆவணங்கள் கூறுகின்றன.

பட்டியலில் விண்டோஸ் இல்லாமை

கிரப் மீண்டபின் பட்டியலில் லினக்ஸ் மட்டும் தோன்றி, விண்டோஸ் தோன்றாமல் இருக்கலாம். மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ என்னும் மென்பொருளை இயக்குவது, 2021இல் வெளியான கிரப் 2.06 பதிப்பில் இருந்து பாதுகாப்புக் கருதி இயல்பாக நிறுத்தப்பட்டுள்ளது. ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் அதனைத் தடுக்கும் அமைவுக்கு ‘ஃபால்ஸ்’ என்னும் மதிப்பைத் தந்து, பட்டியலை மீள உருவாக்கினால் விண்டோஸ் சேர்க்கப்படும்.

பட்டியலே தோன்றாமல் லினக்ஸ் நேராகத் தொடங்குவதும் உண்டு. உபுண்டுவில், பயாஸ் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலும், யூஇஎஃப்ஐ கணினியானால் எஸ்கேப் விசையைத் தட்டினாலும் மறைந்துள்ள பட்டியல் தோன்றும்.

யூஇஎஃப்ஐ தொடக்க வரிசையைச் சீர்செய்தல்

கிரப் கோப்புகள் இருந்தும் கணினி நேராக விண்டோஸுக்குச் செல்லுமானால், முதலில் நிலைபொருளின் தொடக்கப் பட்டியலைப் பார்க்கவேண்டும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்தினால் இது தோன்றும். விசை தயாரிப்பாளருக்கேற்ப மாறும். அங்கு லினக்ஸின் பெயர் இருந்தால், வரிசையை மாற்றுவதே போதுமானது.

லினக்ஸில் ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்னும் கட்டளை, பதிவுகளையும் அவற்றின் வரிசையையும் காட்டும். வரிசையை மாற்றவும், நீங்கிய பதிவை மீளச் சேர்க்கவும் அது உதவும். சில நிலைபொருள்கள் விண்டோஸின் பதிவை மட்டுமே மதிக்கின்றன. சில, பதிவு எதுவும் இல்லாதபோது ‘/இஎஃப்ஐ/பூட்’ அடைவில் உள்ள ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ என்னும் கோப்பைத் தேடுகின்றன. அப்பெயரில் ஏற்றியின் நகலொன்றை வைப்பது இவ்வகைக் கணினிகளுக்குத் தீர்வாகும்.

விண்டோஸ் ஏற்றியை மீட்டல்

லினக்ஸ் பிரிவை அழித்ததால் கிரப் மீட்புத் தூண்டியில் நின்ற கணினிக்கு, கிரப்பை மீள நிறுவுவதால் பயனில்லை. விண்டோஸ் ஏற்றியையே மீட்கவேண்டும். இதற்கு விண்டோஸ் நிறுவல் வட்டு தேவை.

விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவல் வட்டின் மீட்பு முனையத்தில் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’, ‘ஃபிக்ஸ்பூட்’ ஆகிய கட்டளைகள் இப்பணியைச் செய்தன. விஸ்டாவும் அதற்குப் பிந்தியனவும் ‘பூட்ரெக்’ என்னும் கருவியைக் கொண்டுள்ளன. அதன் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ தெரிவு, பிரிவு அட்டவணையைத் தொடாமல் முதற்துண்டத்தின் நிரலை மட்டும் எழுதும். ‘ரீபில்ட்பிசிடி’ தெரிவு, நிறுவப்பட்ட விண்டோஸ் பதிப்புகளைத் தேடித் தொடக்கத் தரவுத்தொகுதியில் சேர்க்கும்.

யூஇஎஃப்ஐ கணினிகளில் முதற்துண்டத்தை எழுதுவது பயன் தராது. அங்கு, ‘டிஸ்க்பார்ட்’ கருவியால் இஎஃப்ஐ முறைமைப் பிரிவுக்கு ஓர் எழுத்தைத் தந்து, ‘பிசிடிபூட்’ கட்டளையால் ஏற்றிக் கோப்புகளை அப்பிரிவில் மீள உருவாக்கவேண்டும். மீட்புச் சூழலில் விண்டோஸ் பிரிவின் எழுத்து ‘சி’ ஆக இல்லாமல் வேறாக இருக்கக்கூடும் என்பதால், அதனை முதலில் உறுதி செய்துகொள்ளவேண்டும்.

பாதுகாப்பான தொடக்கமும் அதன் விளைவுகளும்

பாதுகாப்பான தொடக்கம் (செக்யூர் பூட்) என்பது, ஏற்கப்பட்ட எண்முறைக் கையொப்பம் கொண்ட ஏற்றிகளை மட்டும் நிலைபொருள் இயக்கும் முறையாகும். 2012இல் வெளியான விண்டோஸ் 8உடன் இது கணினிகளில் பரவியது. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள், மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்னும் சிறு ஏற்றியை முதலில் இயக்கி, அதன்வழி கிரப்பைத் தொடங்குகின்றன.

2020 சூலையில் கிரப் 2இல் பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அமைவுக் கோப்பைப் படிக்கும் பகுதியில் இருந்த இக்குறையால், பாதுகாப்பான தொடக்கத்தை மீறி வேண்டிய நிரலை இயக்க இயன்றது. அதனைச் சரிசெய்ய ரெட் ஹாட் வெளியிட்ட முதல் இற்றைப்படுத்தலால் சில கணினிகள் தொடங்காமற் போயின. பின்னர் திருத்திய பொதிகள் வெளியாயின. குறையுள்ள பழைய ஏற்றிகளைத் தலைமுறை எண்ணால் விலக்கும் எஸ்பேட் என்னும் முறை இதன் தொடர்ச்சியாக உருவானது.

2024 ஆகத்தில், மைக்ரோசாப்டின் விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று இவ்வெண்ணை உயர்த்தியது. லினக்ஸும் உடன் நிறுவப்பட்ட கணினிகளில் அது செயற்படாது எனக் கருதப்பட்டிருந்தும், பல இரட்டைத் தொடக்கக் கணினிகளில் செயற்பட்டு, லினக்ஸ் ஏற்றியை மறுத்துக் கணினியை நிறுத்தியது. பாதுகாப்பான தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸைத் தொடங்கி, ‘மோக்யூடில்’ கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்குவது அப்போது தீர்வாகக் கூறப்பட்டது. 2025 மே மாத இற்றைப்படுத்தலில் இச்சிக்கல் தீர்க்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. பயனர் எவ்வித மாற்றமும் செய்யாதபோதும் தொடக்கச் சங்கிலி அறுபடக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

முற்காப்பு வழிகள்

• விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுதல்; இரண்டையும் ஒரே முறையில் நிறுவுதல்.
• இயலுமாயின் இரு இயங்குதளங்களையும் இரு வேறு வட்டுகளில் நிறுவுதல். ஒவ்வொரு வட்டிலும் தனி ஏற்றி இருந்தால் ஒன்றின் பழுது மற்றதைத் தாக்காது.
• விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துதல். இவ்வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் விண்டோஸின் ஒரு பகுதியை உறங்குநிலையில் வைக்கிறது. அந்நிலையில் அப்பிரிவில் லினக்ஸில் இருந்து எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும்.
• லினக்ஸை நீக்க விரும்பினால், முதலில் விண்டோஸ் ஏற்றியை மீட்டு, கணினி நேராக விண்டோஸில் தொடங்குவதை உறுதி செய்தபின் பிரிவை அழித்தல்.
• இயங்கும் நிகழ்வட்டு ஒன்றையும், பிட்லாக்கர் மீட்புத் திறவியின் நகலையும் கணினிக்கு வெளியே வைத்திருத்தல்.
• முக்கியக் கோப்புகளுக்குக் காலந்தோறும் காப்பு நகல் எடுத்தல். தொடக்க ஏற்றியைச் சில நிமிடங்களில் மீள எழுதிவிடலாம். அழிந்த கோப்பை அவ்வாறு எழுத இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

• இயங்குதளம்
• குனு கிரப்
• லினக்ஸ் கருனி
• வன்தட்டு
• பயாஸ்
• கட்டற்ற மென்பொருள்